இரத்தத்தில் ஒரு தேக்கரண்டி

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. நீரிழிவு இல்லாதவருக்கு, வெறும் வயிற்றில், ஒவ்வொரு 100 மில்லிலிட்டர் இரத்தத்திலும் 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருக்கும். மேல் எல்லையாகிய 100 மில்லிகிராமையே எடுத்துக்கொள்வோம். அப்படியானால் 5 லிட்டருக்கு எவ்வளவு? 5,000 மில்லிகிராம், அதாவது 5 கிராம். நீங்கள் காப்பியில் போட்டுக் கலக்கும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைதான் அது!

இனி, நீரிழிவு உள்ளது என்று மருத்துவர்கள் முடிவு கட்டும் வெறும் வயிற்று அளவு 126 மில்லிகிராம். இதே கணக்கில் அது 6.3 கிராம். நலமுள்ளவருக்கும் நோயாளிக்கும் இடையே காலைப் பொழுதில் காணும் வேறுபாடு ஒன்றேகால் கிராம் சர்க்கரைதான். இவ்வளவு நுட்பமான எல்லைக்குள் உடல் தன் சர்க்கரையை நிறுத்தி வைக்கிறது.

இப்போது பகல் உணவுக்கு வருவோம். 200 கிராம் சோற்றில் சுமார் 55 கிராம் மாவுப்பொருள் உண்டு. செரித்தபின் அது குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. ஏற்கெனவே இருப்பது 5 கிராம். வந்து சேர்வதோ அதைப்போல் 11 மடங்கு. இரத்தக் குழாய்களுக்கு வெளியே, உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள நீரிலும் குளுக்கோஸ் பரவும் என்பது உண்மை. அதையும் சேர்த்து 15 லிட்டர் என்று தாராளமாகக் கொண்டாலும், வந்தது அத்தனையும் அங்கேயே தங்கினால் அளவு 450-ஐத் தாண்டிவிட வேண்டும். ஆனால் நலமுள்ளவர் சாப்பிட்டு எழுந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தால் 140-க்குக் குறைவாகவே இருக்கிறது. மீதி எங்கே போயிற்று?

ஏரியும் மதகும்

நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியே நீர் வருகிறது. மதகின் வழியே வயலுக்குப் பாய்கிறது. அளவு மீறினால் கலங்கல் வழியே வழிந்தோடுகிறது. ஏரியில் எந்த நேரத்திலும் நிற்கும் நீரின் மட்டத்தைத் தீர்மானிப்பது எது? வந்த நீரின் மொத்த அளவு மட்டுமன்று; வருகிற வேகத்துக்கும் போகிற வேகத்துக்கும் உள்ள வேறுபாடு. இரத்தச் சர்க்கரையும் இப்படிப்பட்ட ஒரு மட்டமே. இந்த ஓர் உண்மையை மனத்தில் நன்கு பதித்துக்கொண்டால், 'இதைச் சாப்பிடலாமா, கூடாதா?' என்று நீரிழிவுக்காரர்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியின் உருவமே மாறிவிடும்.

மதகைத் திறக்கும் நீர்பாய்ச்சிதான் இன்சுலின். இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைக் கணையத்தின் பீட்டா அணுக்கள் உணர்ந்து இன்சுலினைச் சுரக்கின்றன. அது தசைகளிடமும் கொழுப்புத் திசுவிடமும் சென்று குளுக்கோஸ் நுழையும் வாயில்களைத் திறக்கச் செய்கிறது. கல்லீரலுக்கும், 'சேமித்து வை. வெளியே விடாதே' என்று ஆணை போகிறது. முதல் வகை நீரிழிவில் நீர்பாய்ச்சியே இல்லை. ஆகவே இன்சுலினை ஊசி மூலம் செலுத்தியே தீரவேண்டும். நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகையில் நீர்பாய்ச்சி இருக்கிறார். ஆனால் மதகு துருப்பிடித்துக் கிடக்கிறது. அவர் மேலும் மேலும் முயன்று, நாளடைவில் தாமும் தளர்ந்துபோகிறார்.

கலங்கல் எது என்று கேட்பீர்கள். சிறுநீரகம்தான். இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டும்போது அது சிறுநீரில் வழியத் தொடங்குகிறது. முன்னாட்களில் நீரிழிவைக் கண்டறிந்ததே இந்தக் கலங்கல் நீரைப் பார்த்துத்தான். சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டவர்கள் 'மதுமேகம்' என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் பெனடிக்ட் கரைசல் வந்தது. நீல நிறமான அக்கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்ச, அது பச்சையாகி, மஞ்சளாகி, முற்றினால் செங்கல் நிறமாகும். வீட்டில் பெரியவர்கள் ஸ்பிரிட் விளக்கும் சோதனைக் குழாயுமாக உட்கார்ந்திருந்ததை வாசகர்களுள் சிலர் பார்த்திருக்கக்கூடும். இந்த முறையின் குறை தெளிவானது: கலங்கல் வழிந்த பிறகுதான் ஏரியின் நிலை தெரியும். 170-இல் நாள் முழுதும் நின்றாலும் கரைசல் நீலமாகவே இருந்து ஏமாற்றும்.

இன்னொரு விந்தையையும் இந்த ஏரியே விளக்கும். 'இரவு இரண்டே சப்பாத்திதான் சாப்பிட்டேன். காலையில் பார்த்தால் படுக்கும்போது இருந்ததைவிடச் சர்க்கரை கூடியிருக்கிறதே!' என்று பலர் திகைக்கிறார்கள். மேலே இன்னோர் ஏரி இருப்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். கல்லீரலில் சுமார் 100 கிராம் அளவுக்குச் சர்க்கரை கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. விடியற்காலையில் உடலை எழுப்புவதற்காகச் சுரக்கும் ஹார்மோன்கள் அதைத் திறந்துவிடுகின்றன. இன்சுலின் போதிய அளவு தடுக்காவிட்டால் உண்ணாமலே மட்டம் ஏறும். இதற்காக வீட்டிலுள்ளோர், இரவில் அடுக்களைக்குப் போனீர்களா என்று பெரியவரைக் குறுக்கு விசாரணை செய்வது அநியாயம்.

எவ்வளவு என்பதோடு எவ்வளவு வேகம்

1 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள 1,000 துண்டுகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். பொருள் அதேதான், பரப்பு 10 மடங்கு. செரிமான நொதிகள் மேற்பரப்பிலிருந்துதான் வேலையைத் தொடங்குகின்றன. எனவே முழுத் தானியமாக உண்பதும், அதையே மாவாக அரைத்து உண்பதும் ஒன்றல்ல. நீரிழிவுக்குக் கேழ்வரகு நல்லது என்று யாரோ சொல்ல, அதை மைபோல அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, ஒரு பெரிய குவளை நிறையக் குடித்துவிட்டு, 'சோற்றைத் தொடவே இல்லை, ஆனாலும் 240 காட்டுகிறதே' என்று வருந்துவோர் பலர். தானியத்தின் பெயரை அவர்கள் பார்த்தார்கள். அதன் வடிவத்தைப் பார்க்கவில்லை.

இந்த வேகத்தை அளந்து எண்ணால் குறிக்கும் முறையை டொரண்டோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் அவர் குழுவினரும் 1981-இல் வெளியிட்டார்கள். தூய குளுக்கோஸ் உண்டாக்கும் ஏற்றத்தை 100 என வைத்து, அதே அளவு மாவுப்பொருளுள்ள மற்ற உணவுகள் உண்டாக்கும் ஏற்றத்தை அதனோடு ஒப்பிடுவது இம்முறை. முழுப் பயறு, கொண்டைக்கடலை போன்றவற்றுக்கு எண் மிகக் குறைவு. தீட்டிய வெள்ளை அரிசிக்கு எண் கூடுதல். ஆயினும் அரிசி வகைக்கு வகை மாறும்.

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகியவற்றைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையும் அதுவே. தேனில் குளுக்கோசும் ஃபிரக்டோசும். நிறம் வேறு, மணம் வேறு, சிறிது தாதுப்பொருளும் உண்டு. ஆனால் ஏரியின் மட்டத்துக்கு இந்த அழகெல்லாம் தெரியாது. 'கருப்பட்டிக் காப்பிதானே' என்று நாளொன்றுக்கு நான்கு முறை குடிப்பவர், ஒரு முறைக்கு 10 கிராம் வீதம் 40 கிராம் சர்க்கரையை உள்ளே அனுப்புகிறார். தீபாவளிக்கு ஒரு நாள் தின்ற ஜிலேபியைப் பற்றி வீடே பேசுகிறது. நாள்தோறும் நடக்கும் இந்தக் காப்பி யார் கண்ணிலும் படுவதில்லை!

வேகத்தைக் குறைக்க வழி உண்டா? உண்டு. காய்கறியையும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்றவற்றையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால், அதே உணவு தரும் ஏற்றம் குறைகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. நார்ப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. கொழுப்பு தாமதப்படுத்துகிறதே என்று மைசூர்பாகுக்கு நற்சான்று வழங்கிவிட வேண்டாம். அதில் ஏற்றம் பிந்தி வரும், நெடுநேரம் நிற்கும், எடையும் ஏறும். வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுப்பொருளில் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்பதும் உண்மையே. பழைய சோற்றுக்கு இந்தப் பெருமை உண்டு. ஆனால் ஆதாயம் சிறிது. அதை நம்பி இரண்டு பங்கு உண்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

நாக்கின் மேல் பழி

நீரிழிவுக்காரர் இனிப்புக்கு ஏங்கினால், 'நாக்கைக் கட்டத் தெரியாதவர்' என்று சொல்லிவிடுகிறோம். இது முழு நியாயமன்று. ஏரி நிரம்பி நிற்கிறது, மதகு திறக்கவில்லை, வயல் காய்கிறது. கட்டுக்குள் இல்லாத நீரிழிவில் உடலின் நிலை இதுவே. இரத்தத்தில் சர்க்கரை மிதக்க, தசை அணுக்கள் பட்டினி கிடக்கின்றன. அவை எழுப்பும் குரலே அடங்காத பசி. சர்க்கரை கட்டுக்குள் வர வர, இந்தப் பசியும் பெருமளவு அடங்குவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். பசிக்கும் வேதியியல் உண்டு என்பதற்கு அண்மைக்காலச் சான்று, ஜி.எல்.பி.-1 என்னும் குடல் ஹார்மோனைப் போலச் செயல்படும் மருந்துகள். அவற்றுள் முதலாவது 2005-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு மூலமாக அமைந்தது ஒரு நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்ட பொருள். அவை இரைப்பை காலியாவதைத் தாமதிக்கின்றன. மூளையில் பசியுணர்வைத் தணிக்கின்றன. மன உறுதி மட்டுமே காரணமாக இருந்தால், ஊசி மருந்துக்கு அங்கே என்ன வேலை?

என் தந்தையாருக்கு நீரிழிவு என்று தெரிந்தபோது, ஒரு தாளில் அச்சிட்ட பட்டியலைக் கொண்டுவந்தார். இடப்பக்கம் 'உண்ணலாம்'; வலப்பக்கம் 'உண்ணக்கூடாது'. வலப்பக்கத்தில் அவருக்குப் பிடித்தவை எல்லாம் இருந்தன, மாம்பழம் முதலிடத்தில். இரண்டு மாதம் பட்டியலைத் தெய்வ வாக்காகப் போற்றினார். பிறகு ஒரு நாள் ஒரு லட்டைத் தின்றார். 'விரதம் கெட்டது கெட்டதுதான், இனி என்ன' என்று மறுநாள் நான்கு. அதன்பின் எங்களோடு அமர்ந்து உண்பதையே விட்டுவிட்டார். நாங்கள் உண்டு முடித்த பிறகு தனியே உண்பார். எங்கள் கண்ணுக்குத் தப்பி என்ன உண்டார் என்பது எவருக்கும் தெரியாது. வீட்டில் ஒருவர் பந்தியிலிருந்து விலகிவிடுவது, இரத்தச் சர்க்கரை ஏறுவதைவிடச் சிறிய தீங்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

பட்டியலை எடுத்து வைத்துவிட்டு, வரைபடத்தாள் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். உண்ணுமுன் ஓர் அளவு, உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஓர் அளவு. நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும்: 128 இலிருந்து 221. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் பச்சைப்பயற்றுச் சுண்டல்: 131 இலிருந்து 172. மூன்றாம் வாரம், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இட்லியைக் குறைத்து அந்த இடத்தில் அரை மாம்பழம். சிறிய இட்லி ஒன்றில் சுமார் 10 கிராம் மாவுப்பொருள். 100 கிராம் மாம்பழச் சதையில் சுமார் 15 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லியை விட்டு அரைப் பழத்தை ஏற்பது கூட்டலன்று, மாற்றல். அன்று வந்த எண் 168. அந்தத் தாளை அவர் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். உங்கள் உடலில் இதே எண்கள் வரும் என்று நான் சொல்லவில்லை. வராது என்பதே சரி. ஒவ்வோர் ஏரிக்கும் மதகு வேறு. அதனால்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கருவி என்ன சொல்கிறது?

விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான இரத்தத்தில் கருவி எதை அளக்கிறது தெரியுமா? மின்னோட்டத்தை! சோதனைப் பட்டையின் நுனியில் ஒரு நொதி தடவப்பட்டுள்ளது. பல பட்டைகளில் அது ஒரு வகைப் பூஞ்சையிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். அது குளுக்கோசிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறிக்கிறது. அவை இடைப்பொருள் ஒன்றின் வழியாக மின்வாயை அடைகின்றன. குளுக்கோஸ் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். அதையே கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. நொதியையும் மின்வாயையும் இணைக்கும் இந்தக் கருத்தை லேலண்ட் கிளார்க் 1962-இல் வெளியிட்டார்.

எந்த அளவியிலும் பிழை உண்டு என்பதை இயற்பியல் மாணவன் முதல் செய்முறை வகுப்பிலேயே கற்கிறான். வீட்டுக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரம், 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின்னாக இருப்பதை அனுமதிக்கிறது. ஆகவே நேற்று 150, இன்று 160 என்று கலங்குவதும், 140 என்று துள்ளுவதும் வேண்டாதவை. ஒரு புள்ளியைப் பார்க்காதீர்கள்; பத்துப் புள்ளிகளின் போக்கைப் பாருங்கள். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டிய சர்க்கரையையும் கருவி சேர்த்து அளந்துவிடும்.

பரிசோதனைக்குப் போவதற்கு முதல் இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து 'நல்ல ரிப்போர்ட்' வாங்குவது நம் நாட்டில் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. ஆண்டு முழுதும் புத்தகத்தைத் தொடாமல் தேர்வுக்கு முதல் நாள் இரவு கண் விழிக்கும் என் மாணவர்களை இது நினைவூட்டுகிறது. இந்தக் கலைக்கு எதிரி எச்பிஏ1சி சோதனை. இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அந்நாட்களில் குளுக்கோஸ் அதன் ஹீமோகுளோபினில் மெல்ல ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் வரலாறு தெரிந்துவிடும். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவின் எல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மேற்கொண்ட நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தபோது, நம் நாட்டில் நீரிழிவுடன் வாழ்வோர் சுமார் 10.1 கோடிப் பேர் என்று கணக்கிட்டிருந்தார்கள். இத்தனை பேரும் எதையோ மறைத்து உண்ண வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது மதகு

துருப்பிடித்த மதகைப் பற்றிச் சொன்னேன். தசைக்கு இன்னொரு மதகும் உண்டு; அதைத் திறக்க இன்சுலின் தேவையில்லை. தசை சுருங்கி விரியும்போது, குளுக்கோஸ் வாயில்கள் தாமாகவே அணுவின் மேற்பரப்புக்கு வருகின்றன. உணவுக்குப் பின் 15 நிமிடம் நடப்பதன் பயன் இதுவே. ஏற்றம் தொடங்கும் நேரத்தில் நடந்தால் உச்சி தாழ்கிறது. கல்யாண வீட்டில் இலையில் விழுந்த பாயசத்தை உண்டுவிட்டீர்களா? இரவெல்லாம் வருந்திப் பயனில்லை. அன்று சோற்றைக் குறைத்துக்கொண்டு, எழுந்து தெருக்கோடி வரை இரண்டு முறை நடந்து வாருங்கள்.

மட்டம் இறங்கும்போது

இதுவரை ஏற்றத்தைப் பற்றியே பேசினோம். ஆனால் மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாவது இறக்கம். இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கணையத்தைத் தூண்டும் சில வகை மாத்திரைகளை உண்போரும், மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்க்கும்போது இது நேர்கிறது. மூளை ஒன்று மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோசைச் செலவிடுகிறது. மணிக்கு 5 கிராம். இரத்தத்திலுள்ள அந்த ஒரு தேக்கரண்டி, மூளையின் ஒரு மணி நேரச் செலவுக்குத்தான் காணும். கல்லீரல் இடைவிடாமல் நிரப்பிக்கொண்டிருப்பதால் நாம் இதை உணர்வதில்லை. மருந்தின் வேகத்தில் மதகு திறந்தே கிடந்து, வரத்தும் நின்றுவிட்டால், மட்டம் 70-க்குக் கீழே போகிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமற்ற கோபம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். ஏகாதசி விரதமோ, பேருந்து தாமதமோ காரணமாக இருக்கலாம். அந்தக் கோபத்தை வீட்டிலுள்ளோர் குணக்கேடு என்று எண்ணி எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் விலைமதிப்பற்றது.

இப்போது நமக்கு வேண்டியது வேகம். இதுவரை பகையாக இருந்த வெள்ளைச் சர்க்கரைதான் இங்கே மருந்து. மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். லட்டோ சாக்லெட்டோ உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு. மட்டம் ஏறியபின் ஒரு வேளை உணவு உண்ண வேண்டும். இப்படி அடிக்கடி நேர்ந்தால் மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சட்டைப்பையில் ஒரு சிறு பொட்டலம் சர்க்கரையும், தமக்கு நீரிழிவு என்று எழுதிய ஒரு சீட்டும் வைத்துக்கொள்வது வெளியூர் செல்வோருக்கு நலம். நினைவிழந்து கிடப்பவரின் வாயில் சர்க்கரைத் தண்ணீரையோ வேறெதையுமோ ஊற்றக்கூடாது. அது மூச்சுக் குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள்.